முதல் 50 கிலோமீட்டர்: கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்காரர் ஒருவரின் அல்ட்ரா பயிற்சி

இந்த ஆய்வுக்கு உரியவர் கும்பகோணத்தில் பித்தளை, எவர்சில்வர் பாத்திரக் கடை நடத்துபவர். வயது 44, எடை 71 கிலோ. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லை. ஆறு வருடங்களாக ஓடுகிறார். ஹாஃப் மராத்தான் பல ஓடியிருக்கிறார். அதில் சிறந்த நேரம் 2 மணி 10 நிமிடம். முழு மராத்தான் ஒன்றே ஒன்று, 5 மணி நேரத்துக்குச் சற்று மேல். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், எங்கள் ஓட்டக் குழுவில் கூப்பிடுவதுபோல் ‘அண்ணன்’ என்றே எழுதுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். குழுவில் இருப்பவர்களுக்குப் பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுப்பதும் நான்தான்.

மராத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ரா மராத்தான்தான். 50 கிலோமீட்டர் அதில் முதல் படி. அதற்கு மேல் 80, 100, 160 கிலோமீட்டர் என்று போகும். தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நம் நாட்டிலிருந்தும் பலர் போய் ஓடிவிட்டு வருகிறார்கள். அண்ணன் தேர்ந்தெடுத்தது அவ்வளவு பெரியதல்ல. மேற்கே, மலையடிவாரத்துக் கிராமச் சாலைகளில் தை மாதம் நடக்கும் 50 கிலோமீட்டர் ஓட்டம். ஏற்ற இறக்கம் உண்டு. முடிக்க 9 மணி நேரம் கொடுக்கிறார்கள்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டெல்டாவில் ஓடுகிறவர்கள் கையில் கிடைக்கும் திட்டங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்களுக்கு எழுதியவை. பக்கத்தில் குன்று இருக்கும், சனி ஞாயிறு விடுமுறை இருக்கும், இரவு எட்டு மணி நேரத் தூக்கம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அண்ணனுக்கு இந்த மூன்றும் இல்லை. அவர் 50 கிலோமீட்டரை முடித்ததற்குக் காரணம் கூடுதலாக ஓடியது என்று நான் நினைக்கவில்லை. முகூர்த்த மாதங்களுக்கும், ஆற்றுத் தண்ணீருக்கும், மழைக்கும் ஏற்றபடி பயிற்சியை மாற்றி அடுக்கியதுதான் அவரைக் கரைசேர்த்தது. அதற்கு முன் இரண்டு தடவை பெரிய சிக்கல் வந்தது. அந்த இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன். இதே தூரத்துக்குத் தயாராகும் மற்றவர்களுக்கு அதில்தான் பயன் அதிகம்.

முதல் சிக்கல்: முழங்கால்

வைகாசிக் கடைசியில் இணையத்திலிருந்து எடுத்த ஒரு திட்டத்தை வைத்து அவரே ஆரம்பித்துவிட்டார். அதுவரை வாரத்துக்கு 30 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர், ஐந்தே வாரத்தில் 52-க்குப் போனார். வாரத்தில் ஆறு நாள் ஓட்டம், எல்லா நாளும் ஒரே வேகம், கிலோமீட்டருக்கு ஆறேகால் நிமிடம். அது அவருடைய ஹாஃப் மராத்தான் வேகம். பேசிக்கொண்டே ஓட முடியாது.

ஆடிப் பெருக்கு கழிந்த வாரத்தில் என்னிடம் வந்தார். “தம்பி, ஆறு கிலோமீட்டர் வரைக்கும் ஒண்ணும் தெரியலை. அதுக்கப்புறம் முட்டிக்கு வெளிப்பக்கம் கத்தி வச்ச மாதிரி பிடிக்குது. நடந்தா சரியாப் போயிடுது” என்றார். வலது முழங்கால். இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும் தசைநார்ப் பட்டை உரசி எரிச்சலாகும்போது வலியை இப்படித்தான் சொல்வார்கள். ஒற்றைக் காலில் நிற்கவைத்து முழங்காலை மடக்கச் சொன்னேன். வலது காலில் நின்றபோது இடது பக்க இடுப்பு சட்டென்று கீழே இறங்கியது. வலது பிட்டத்தின் பக்கவாட்டுத் தசைக்கு உடலைத் தாங்கும் பலம் போதவில்லை என்று அதற்குப் பொருள்.

பலம் குறைவு ஒரு பாதிதான். மறுபாதி தெரிய அவர் ஓடும் இடத்துக்கே போக வேண்டியிருந்தது. விடிவதற்கு முன்னால் திருப்பனந்தாள் சாலையில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, வலது ஓரமாக ஓடுவார். பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆனால் மழைத் தண்ணீர் வடிவதற்காக நம் சாலைகளை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போட்டிருப்பார்கள். வலது ஓரத்தில் ஓடினால் வலது கால் எப்போதும் பள்ளத்தில், இடது கால் எப்போதும் மேட்டில். போகும்போதும் அப்படித்தான், திரும்பி வரும்போது எதிர்ப்புறம் மாறிக்கொண்டாலும் அப்படித்தான், ஏனென்றால் அப்போதும் அவருக்கு அது வலது ஓரம். கும்பகோணத்தைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் தரை பலகைபோல் சமம். மலைப்பாங்கான ஊரில் ஏறும்போது ஒரு தசை, இறங்கும்போது வேறொரு தசை என்று பாரம் மாறி மாறி விழும். இங்கே முதல் அடி எப்படி விழுந்ததோ அப்படியேதான் முப்பதாயிரமாவது அடியும் விழும். டெல்டாவில் ஓடுகிறவர்கள் ‘சமதரைதானே’ என்று நினைப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். காலுக்குச் சமதரை சுலபமே இல்லை.

இருட்டில் முதுகுக்குப் பின்னால் பஸ் வரும் பக்கத்தில் ஓடுங்கள் என்று யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் சாலையை விட்டே விலகினோம். நீலத்தநல்லூர் பாலத்தருகே ஏறி அணைக்கரைப் பக்கமாகப் போகும் கொள்ளிடத்து லயன்கரை, அதாவது ஆற்றோர வெள்ளத் தடுப்புக் கரை, இருக்கிறதே, அந்த மண்பாதைக்கு ஓட்டத்தை மாற்றினோம். வண்டிச் சுவடு இரண்டு பக்கமும் இருக்கும். ஒரு கிலோமீட்டர் இந்தச் சுவடு, அடுத்த கிலோமீட்டர் அந்தச் சுவடு. விடிந்து பாதை கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் கரையில் ஏறுவது என்று ஒரு விதி. கரையோரப் புல்லில் கண்ணாடி விரியன் உண்டு. கருவேல முள்ளும் உண்டு. ஷூவின் அடிப்பாகத்தை அது சுலபமாகத் துளைத்துவிடும்.

மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைத்து, பிட்டத் தசைக்கான பயிற்சிகளைக் கொடுத்தேன்: பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, ரப்பர் பட்டையை முழங்காலுக்கு மேல் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பது, ஒற்றைக் காலில் படி இறங்குவது. கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் நின்றே செய்தார். அடிகளையும் சிறிதாக்கச் சொன்னேன். நிமிடத்துக்கு 158 அடி வைத்துக்கொண்டிருந்தவர் மெல்ல மெல்ல 168-க்கு வந்தார். அடி சிறிதானால் முழங்காலில் விழும் பாரம் குறையும். கால் உடலுக்கு வெகு முன்னால் போய் விழாது. ஆவணிக் கடைசியில் வலியில்லாமல் 12 கிலோமீட்டர் ஓடினார்.

வேகத்தைக் குறைக்கச் சொன்னபோதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். “இப்படிப் போனா நடக்கிறவங்களே முந்திடுவாங்களே தம்பி” என்றார். 50 கிலோமீட்டரை அவர் ஏழெட்டு மணி நேரத்தில் முடிக்கப்போகிறார். அவ்வளவு நேரத்துக்கு உடம்பு கொழுப்பையும் சேர்த்து எரித்தாக வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 400, 500 கிராம்தான். வேகமாக ஓடினால் முப்பது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் தீர்ந்துவிடும். மெதுவாக ஓடும் பழக்கம்தான் அல்ட்ராவுக்கு அடிப்படை என்று அவரை நம்பவைக்க ஒரு மாதம் ஆனது.

பஞ்சாங்கத்தை வைத்துப் போட்ட திட்டம்

முழங்கால் குணமாகிக்கொண்டிருந்த நாட்களில் கடைக்குப் போய் உட்கார்ந்து அவருடைய வருடத்தைக் கேட்டேன். ஆவணியிலும் தையிலும் சீர்வரிசைப் பாத்திரம் வாங்கும் கூட்டம். குடம், தவலை, குத்துவிளக்கு, அண்டா என்று எடைபோட்டு எடைபோட்டுக் கை ஓயும். ஐப்பசியில் தீபாவளி. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும், நடுவில் சாப்பாட்டுக்கு மட்டும் உட்காருவார். ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள், கடையில் கூட்டம் குறைவு. புரட்டாசி ஓரளவு லேசு.

இரவு பதினொன்றுக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுந்து ஓடிக்கொண்டிருந்தார். ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு வாரத்துக்கு ஆறு ஓட்டம், அதோடு பகல் முழுக்க நிற்பது. தசை ஆற நேரமே கிடையாது. ஆகவே ஆறு நாள் ஓட்டத்தை நான்காக்கினோம். ஓடாத நாட்களில் ஐந்தரை வரை தூங்க வேண்டும். இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை கடைத்தெரு வெறிச்சோடிக் கிடக்கும் நேரம். அப்போது நாற்பது நிமிடம் மாடியில் படுத்துவிட வேண்டும். இந்த மதியத் தூக்கத்தைச் சில வாரங்களில் மட்டும் தவறவிட்டார். அந்த வாரங்களில் அவருடைய காலை நாடித் துடிப்பு ஐந்தாறு கூடியே இருந்தது.

அப்புறம் மாதங்களை அடுக்கினோம். புரட்டாசியில் மெல்ல ஏற்றுவது. தீபாவளி முடியும் வரை ஏற்றாமல் வைத்திருப்பது. கார்த்திகையில் மழை விட்ட நாட்களில் சரிவுப் பயிற்சி. மார்கழியில் உச்சம். மார்கழிக் கடைசி வாரத்திலிருந்து குறைத்துக்கொண்டே போய், தை இரண்டாம் வாரத்தில் ஓட்டம். ஊரின் தட்பவெப்பமும் இதற்கு ஒத்துவந்தது. சித்திரையிலும் வைகாசியிலும் காலை ஏழு மணிக்கே ஓட முடியாது. மார்கழியில் எட்டரை வரைக்கும் தாராளமாக ஓடலாம். வருடத்திலேயே குளிர்ந்த மாதமும் கடைக்கு ஓய்வான மாதமும் ஒன்றாக அமைந்து, அதை அடுத்தே ஓட்டம் வருகிறது. அவர் வேறு மாதத்தில் நடக்கும் ஓட்டத்துக்குப் பணம் கட்டியிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

நாற்பதைத் தாண்டியவர் என்பதால் இதய மருத்துவரைப் பார்த்து டிரெட்மில் பரிசோதனையும் செய்துகொண்டார். குறை எதுவும் இல்லை.

இரண்டாவது சிக்கல்: தண்ணீர்

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 32 கிலோமீட்டர் லாங் ரன். குறுவை அறுவடை நேரம். சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. காற்றில்லை, நல்ல புழுக்கம். முதல் நாள் முழங்காலில் லேசாக வலி தெரிந்ததால், எங்கள் யாரிடமும் சொல்லாமல் காலையில் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வெயிலில் உடம்பு வற்றிவிடக் கூடாது என்ற பயத்தில் வழியில் இருந்த ஒவ்வொரு டீக்கடையிலும் நின்று வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருக்கிறார். வெறும் தண்ணீர். நான்கு மணி நேரத்தில் ஐந்து லிட்டருக்கு மேல் போயிருக்கிறது.

29 கிலோமீட்டரில் தலைவலி, குமட்டல், வாந்தி. குழுவில் ஒருவர் வண்டியில் பின்தொடர்ந்ததால் உடனே தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மோதிரம் விரலில் இறுகிப் பதிந்திருந்தது. இன்று என்ன கிழமை என்று கேட்டதற்கு வெள்ளி என்றார். அந்த வீட்டு அம்மாள் பதறிப்போய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, “குடிங்க தம்பி, வெயிலு அடிச்சிருக்கு” என்று நீட்டினார். அந்தச் செம்பை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவரைக் குடிக்க விடவில்லை.

காரணம், அன்று காலையில் எடுத்த எடை என்னிடம் இருந்தது. பித்தளைப் பாத்திரத்தை எடைக்குத்தான் விற்பார்கள். கடையில் பெரிய மேடைத் தராசு உண்டு. ஒவ்வொரு லாங் ரன்னுக்கும் முன்னாலும் பின்னாலும் அதில் ஏறி எடை பார்த்து எழுதிவைக்கச் சொல்லியிருந்தேன். காலையில் 71.4 கிலோ. மருத்துவமனைக்குப் போகும் வழியில் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, அதே தராசில் ஏற்றினோம்: 72.3. நான்கு மணி நேரம் புழுக்கத்தில் ஓடியவருக்கு எடை ஒன்றிரண்டு கிலோ குறைந்திருக்க வேண்டும். முக்கால் கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. உடம்பு வற்றவில்லை, தண்ணீர் மிஞ்சிப் போயிருந்தது.

மருத்துவரிடம் அந்த இரண்டு எண்களையும் சொல்லி, டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன் சோடியம் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். 129 வந்தது. சாதாரணமாக 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். அவர் உடனே புரிந்துகொண்டு, தண்ணீரை நிறுத்தி, உப்பு அதிகம் சேர்த்த கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, கூடவே இருந்து கவனித்தார். நிலைமை மோசமானால் ஏற்றுவதற்கு 3 சதவீத உப்பு நீரும் தயாராக வைத்திருந்தார், தேவைப்படவில்லை. மாலையில் சிறுநீர் தாராளமாகப் போக ஆரம்பித்ததும் தலைவலி விட்டது. மறுநாள் வீட்டுக்குப் போனார்.

நீண்ட ஓட்டத்தின்போது வாசோபிரசின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றாமல் தடுக்கும். குமட்டலும் வலியும் அதை இன்னும் கூட்டும். ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தின் வேலையைக் குறைத்து நிலைமையை மோசமாக்கும். இந்த நேரத்தில் தேவைக்கு மேல் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்கும் வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. காம்ரேட்ஸ் போன்ற நீண்ட ஓட்டங்களில் இப்படி விழுந்தவர்களைப் பற்றி டிம் நோக்ஸ் என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர்தான் 1985-ல் முதலில் எழுதினார். 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே இருந்தது. ஆனாலும் நம் ஊரில் ‘தண்ணி குடி, தண்ணி குடி’ என்பது மட்டும்தான் ஓட்டக்காரர் காதில் விழுகிறது. விழுந்தவரைப் பார்த்ததும் எல்லோரும் அன்போடு செய்வதும் அதுவே. எடை பார்க்காமல், அவர் எவ்வளவு குடித்தார் என்று கேட்காமல் இன்னொரு செம்பு கொடுத்துவிடாதீர்கள் என்று ஒவ்வொரு குழுவிடமும் நான் கெஞ்சிக் கேட்டுவருகிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உப்பு மாத்திரையோ ஓ.ஆர்.எஸ்ஸோ எடுத்துக்கொண்டால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பது தவறு. அளவுக்கு மேல் குடித்தால் உப்பும் காப்பாற்றாது. தாகம் எடுத்தால் குடிப்பது, எடை கூடாமல் பார்த்துக்கொள்வது, இதுதான் காப்பு. உடம்பு எடையில் 2 சதவீதம் வரை குறைந்தால் பயப்பட வேண்டியதில்லை.

தராசின் கணக்குப்படி அண்ணனுக்குப் புழுக்கமான காலையில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போகிறது, மார்கழியில் அரை லிட்டரைச் சற்றுத் தாண்டுகிறது. அதை வைத்து, குளிர்ந்த நாளில் மணிக்கு 400 மில்லி, புழுக்கத்தில் 600, அதுவும் தாகம் இருந்தால் மட்டும் என்று முடிவு செய்தோம். வலி மாத்திரையை ஓட்ட நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் தொடக் கூடாது. வலி மாத்திரை இல்லாமல் ஓட முடியாது என்கிற நிலை வந்தால் அன்று ஓட்டம் கிடையாது.

வயிற்றுக்கு என்ன கொடுப்பது

நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். கடைகளில் விற்கும் ஜெல் அவருக்குக் குமட்டியது, விலையும் அதிகம். பானகத்துக்கு வந்தோம். அரை லிட்டர் தண்ணீரில் 40 கிராம் வெல்லம், ஒரு சிட்டிகைக்குச் சற்று அதிகமாக உப்பு, சுக்குப் பொடி, எலுமிச்சை. இதில் 35 கிராம் சர்க்கரை கிடைக்கும். கூட அரைப் பூவன் பழம். வெல்லத்தில் இருக்கும் சர்க்கரை உடம்பில் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். இரண்டும் குடலில் தனித்தனி வழியில் உள்ளே போவதால் வயிறு கனக்காமல் ஏற்றுக்கொள்ளும். சுக்கு குமட்டலைத் தணிக்கும். ஓடிக்கொண்டே சாப்பிடக் குடலும் பழக வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் இதையே குடித்துப் பழகினார். கடலை மிட்டாயை முதல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவரால் மெல்ல முடியவில்லை. பொடி இட்லி நான்கு மணி நேரத்துக்குப் பிறகுகூட இறங்கியது. இனிப்பு தின்று தின்று வாய் அலுத்த நேரத்தில் அந்த உறைப்பு அவருக்குப் பெரிய தெம்பு. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஓட்டம் முடிந்த பிறகு குடிக்க நல்லது, ஓடும்போது அதையே நம்பியிருக்க முடியாது.

மலையில்லாத ஊரில் இறக்கம் பழகுவது

எங்கள் பக்கத்தில் மலை என்றால் சுவாமிமலைதான். அதுவும் கட்டுமலை, 60 படி, ஓடுவதற்கான இடமல்ல. ஓட்டம் நடக்கும் இடத்திலோ ஒவ்வொரு கிலோமீட்டரிலும் மேடு பள்ளம். இறக்கத்தில் ஓடும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும். பழகாத தசை அதில்தான் கிழிந்து வலிக்கும். ஆனால் ஒரே ஒரு தடவை நன்றாக இறங்கிவிட்டால், அந்த வலி ஆறிய பின் பல வாரங்களுக்குத் தசைக்கு ஒரு பாதுகாப்பு கிடைக்கும். அதை நம்பித்தான் திட்டம் போட்டோம்.

கார்த்திகையில் மழை விட்ட காலைகளில், லயன்கரையின் மேலிருந்து படுகைக்கு இறங்கும் வண்டிப்பாதையில் ஏறி இறங்கினார். நாலைந்து மீட்டர் உயரம்தான் இருக்கும். நாற்பது, ஐம்பது தடவை ஏறி இறங்கினால் தொடை தானாகச் சொல்லும். மார்கழி முதல் வாரத்தில் ஒரு நாள் துறையூர்ப் பக்கம் சோபனபுரத்திலிருந்து பச்சமலைக்கு ஏறி, அதே பாதையில் மெதுவாக ஓடி இறங்கினார். மறுநாள் கடைப் படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்ததாம். பத்து நாளில் சரியானது. நான் எதிர்பார்த்த அளவு வலி அதுதான்.

நடையும் பயிற்சியில் உண்டு. 25 நிமிடம் ஓட்டம், 5 நிமிடம் வேக நடை. ஏற்றம் எல்லாமே நடை. இதில் அவருக்கு யோசனை சொன்னவர் அவருடைய அம்மா. வருடாவருடம் சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போனவர். “வழியில உக்காராதே. நின்னு குடி, நின்னு தின்னு. உக்காந்தா கால் மரத்துப் போயிடும். நனைஞ்ச காலோட நடக்காதே” என்று சொல்லி, விரல் இடுக்குகளில் விளக்கெண்ணெய் தடவிக் காட்டினார். டெல்டாவில் சமயபுரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நடக்கும் லட்சக்கணக்கானவர்களின் காலில் இந்த அறிவு இருக்கிறது. அல்ட்ரா ஓடுகிறவர்கள் போய்க் கேட்க வேண்டிய ஆட்கள் அவர்கள். அண்ணன் ஷூவை அரை அளவு பெரிதாக வாங்கினார். ஐந்து மணி நேரத்தில் பாதம் வீங்கும், இறுக்கமான ஷூவில் நகம் கறுக்கும்.

மார்கழியில் வாரத்துக்கு 68 கிலோமீட்டர் வரை போனார். அதில் முக்கியமானது சனிக்கிழமை 30, ஞாயிறு 18 என்று அடுத்தடுத்து ஓடியது. களைத்த காலோடு ஓடப் பழக்கும் பயிற்சி இது; ஒரே நாளில் 48 ஓடினால் வரும் சேதம் இதில் வராது. ஒற்றை நாளில் அதிகபட்சம் 38 கிலோமீட்டர், ஐந்து மணி நேரத்துக்கு மேல். முழங்கால் ஒரு தடவையும் பேசவில்லை.

ஓட்ட நாள்

காலை ஐந்து மணிக்குத் தொடக்கம். முதல் 10 கிலோமீட்டரில் கூட்டத்தோடு வேகமாகப் போகத் தோன்றியும் எட்டு நிமிட வேகத்தை விடவில்லை. 30 கிலோமீட்டர் வரை கணக்குப்படியே போனது. 37-ல் ஒரு நீண்ட இறக்கத்தில் இரண்டு தொடைகளும் இழுத்துப் பிடித்தன. நின்று, பானகம் குடித்து, பொடி இட்லி ஒன்றைத் தின்று, நடந்தார். குடித்ததும் தின்றதும் நின்றபடியேதான். அங்கிருந்து 10 நிமிடம் ஓட்டம், 5 நிமிடம் நடை என்று மாற்றிக்கொண்டார். 43-வது கிலோமீட்டரில் குமட்டல் வந்தபோது தண்ணீரை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் நடந்தே போனார். விரல் வீங்கவில்லை, மோதிரம் தளர்வாக இருக்கிறது என்று என்னிடம் காட்டினார்.

7 மணி 24 நிமிடத்தில் முடித்தார். எடை காலையில் 70.9, முடித்த பின் 69.8. ஒன்றரை சதவீதக் குறைவு. சிறுநீர் இயல்பான நிறம். வலி மாத்திரை எடுக்கவில்லை. வலது காலில் ஒரு நகம் கறுத்திருந்தது, கொப்புளம் இல்லை.

நான்காவது நாள் முகூர்த்தக் கூட்டத்துக்கு நடுவே கடையில் நின்றார், கணுக்கால் வீங்கியது. இதை முன்பே எதிர்பார்த்து மச்சானைக் கடைக்கு வரச் சொல்லியிருந்ததால், உட்கார்ந்து எழுந்து சமாளித்தார். இரண்டு வாரம் ஓட்டமே இல்லை, அடுத்த இரண்டு வாரம் லேசான நடையும் ஓட்டமும். மாசிக் கடைசியில் தொடை பழைய நிலைக்கு வந்தது.

இப்போது 80 கிலோமீட்டர் கேட்கிறார். அடுத்த மார்கழியைத் தாண்டிய ஓட்டமாக இருந்தால் திட்டம் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் இரண்டு நிபந்தனைகள்: கடையை ஒன்பது மணிக்கு மூடி ஆறரை மணி நேரம் தூங்க வேண்டும், ஆடியில் ஒருமுறை பச்சமலைக்குப் போய் வர வேண்டும். தூக்கத்துக்கு இன்னும் சரி சொல்லவில்லை. மலைக்குச் சரி சொல்லிவிட்டார்.